64 படிகளுக்கு மேலே ஒரு வீடு

ஈப்போவில் ஐந்து தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடியின் உச்சியில் இருக்கிறது என் பெரியப்பாவின் வீடு. மின்தூக்கி கிடையாது. ஒரு தளத்துக்கு 16 படி, ஆக மொத்தம் 64 படி. சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் யார் முதலில் மேலே ஏறுவது என்று நானும் அண்ணனும் போட்டி போடுவோம். அப்போது அந்தப் படிகளை நான் எண்ணியதே இல்லை. எண்ணியது போன வருடம்தான், பெரியப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு.

செருப்பு கடித்த சிறு புண்ணில்தான் எல்லாம் தொடங்கியது. பெரியம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். பத்தே நாளில் விரல் கறுத்துவிட்டது. இருபது வருட இனிப்பு நீர் அவருக்கு. சிறுநீரகமும் ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்ததால் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதாவது வாரத்துக்கு மூன்று முறை 64 படி இறங்க வேண்டும், மூன்று முறை ஏற வேண்டும்.

இறங்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அவரை இறக்குகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றிக் கைலியால் கட்டி, முன்னால் எதிர்வீட்டு அண்ணன், பின்னால் மூன்றாம் மாடி மலாய் இளைஞர். ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்குவார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார். பயத்தால் இல்லை என்று பெரியம்மா சொன்னார். காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிய மனிதர். தன்னை இரண்டு பேர் தூக்கிப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை இரண்டு இளைஞர்களுக்கும் வேலை நேரம் மாறிவிட்டது. தூக்க ஆள் இல்லை. "ஒரு நாள்தானே, சனிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா. வெள்ளிக்கிழமை இரவு உடம்பில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. அந்தப் பணியாளர்களும் 64 படி ஏறித்தான் வர வேண்டியிருந்தது. நான் அப்போது விடுதியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தொலைபேசியில் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

நான் கட்டடக் கலை இரண்டாம் ஆண்டு மாணவி. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலையைப் பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்திருக்கிறது. எல்லாரும் புழங்கக்கூடிய கட்டடத்தை எப்படி வடிவமைப்பது என்று சொல்லும் ஆவணம் அது. இப்போதைய வடிவம் 2014இல் வந்தது. சாய்தளம் 1:12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும், அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினேன். அதை எங்கள் குடும்பத்தோடு நான் பொருத்திப் பார்த்ததே இல்லை.

அடுத்த விடுமுறையில் அளவு நாடாவோடு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். ஒரு படியின் உயரம் 17 சென்டிமீட்டர். 64 படிக்கு ஏறக்குறைய 10.9 மீட்டர். இதற்குச் சாய்தளம் கட்டினால் 130 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு கால்பந்துத் திடலைவிட நீளம். இந்தக் கணக்கைச் சொன்னபோது பெரியப்பா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தார். "அப்ப நான் புந்தோங்ல இறங்கிக்கலாம்" என்றார்.

வீட்டுக்குள்ளே நிலைமை இன்னும் சிக்கல். சமூக நல இலாகா வழியாகக் கிடைத்த சக்கர நாற்காலியின் அகலம் 64 சென்டிமீட்டர். குளியலறைக் கதவைத் திறந்தால் கிடைக்கும் வழி 61 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர்! அந்த மூன்று சென்டிமீட்டருக்காகத்தான் பெரியப்பா தினமும் நாற்காலியை வாசலில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் ஒற்றைக் காலால் தத்திப் போகிறார். உள்ளே ஒரு சாண் உயரத் தடுப்புப் படி வேறு, தண்ணீர் கூடத்துக்கு வராமலிருக்க. கழிப்பறையோ குந்தி உட்காரும் வகை. அதன் மேல் நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலியை அப்பா வைத்துக் கொடுத்திருந்தார். அது ஒரு பக்கம் ஆடும்.

இவ்வளவு உயரத்தில் ஏன் வீடு வாங்கினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வாங்கவில்லை, குலுக்கலில் விழுந்தது என்றார் பெரியம்மா.

பெரியப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தின் லயத்தில். பேராக் மாநிலத்தில் நம்மில் பலருடைய குடும்பக் கதை இப்படித்தான் தொடங்கும். தோட்டத்தில் வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. பால் வெட்டும் வரைதான் அந்தக் கூரை நமக்குச் சொந்தம். வயதாகிவிட்டாலோ உடம்பு முடியாமல் போனாலோ, வேலை செய்யும் பிள்ளையின் பெயரில்தான் அங்கே ஒண்டிக்கொள்ள வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஆங்கில முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை மட்டும் இழக்கவில்லை, வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்குவது அதன் நோக்கம். எல்லாத் தோட்டத்துக்கும் அந்தக் கை எட்டவில்லை. பெரியப்பாவின் தோட்டத்துக்கும் எட்டவில்லை.

தொண்ணூறுகளில் அந்தத் தோட்டம் கைமாறியது. கித்தா போய்ச் செம்பனை வந்தது, ஒரு பகுதி தாமான் ஆனது. இருந்தவர்களுக்கு மலிவு விலை அடுக்குமாடியில் வீடு. 1982இல் அரசாங்கம் நிர்ணயித்த மலிவு வீட்டு விலை 25,000 வெள்ளி. 1998இல்தான் அது இடத்தைப் பொறுத்து 42,000 வரை உயர்ந்தது. அந்த விலையில் மின்தூக்கி வைக்க எந்த மேம்பாட்டாளரும் முன்வர மாட்டார். எந்த மாடி யாருக்கு என்று குலுக்கல் போட்டார்கள். பெரியப்பாவுக்கு அப்போது வயது முப்பத்தேழு. உச்சி மாடிச் சீட்டை எடுத்ததும், "காத்து நல்லா வரும்" என்று சந்தோஷப்பட்டாராம்.

குலுக்கல் நியாயமானதுதானே என்று அப்பா இன்றும் வாதாடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லயத்தில் தரையோடு தரையாக வாழ்ந்த முந்நூறு பேரை ஐந்து தளங்களில் அடுக்கும்போது, இவர்களும் ஒரு நாள் கிழவர்கள் ஆவார்கள் என்று ஒருவர்கூட நினைத்துப் பார்க்கவில்லையே.

அதற்காக லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நம் பத்திரிகைகளில் தோட்டத்தைப் பற்றி எழுதும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைச் சோதிக்கவே அப்பாவோடு ஒருநாள் பழைய தோட்டத்துக்குப் போனேன். செம்பனைக்கு நடுவே இன்னும் ஒரு வரிசை லயம் மிச்சம் இருக்கிறது. பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தவர், மகன் குடும்பத்தோடு அங்கே இருக்கிறார். வாசலில் ஒரே ஒரு படி. பகல் முழுக்க வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போகிறவர் வருகிறவரெல்லாம் பேசிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு வீட்டிலிருந்து தேத்தண்ணீர் வந்தது. பெரியப்பா வீட்டில் அப்படி இல்லை. டயாலிசிஸ் இல்லாத நாளில் யாரும் மேலே ஏறி வருவதில்லை.

ஆனால் லயத்துக் கழிப்பறை பின்னால் தனியாக இருக்கிறது. மூன்று படி, பாசி பிடித்த சிமெண்டு, மேலே கூரை இல்லை. மழை பெய்தால் தாத்தா என்ன செய்வார் என்று மருமகளிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியைக் கண்ணால் காட்டினார். அந்த வீட்டில் ஒரு கைப்பிடி பதிக்கக்கூட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் தோட்ட வீடுகளுக்குத் தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எல்லாம் பேசுகிறது. ஆனால் அது தொழிலாளிக்கான சட்டம். பக்கவாதத்தில் விழுந்த பிறகு அவர் தொழிலாளி இல்லை. கிராமப்புற ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும், பழுதுபார்த்துத்தரும் அரசுத் திட்டங்கள் உண்டு. அவற்றுக்குச் சொந்த நிலமோ நில உரிமையாளரின் சம்மதமோ வேண்டும். தோட்டமோ தனியார் சொத்து. மூன்று தலைமுறை வேலை செய்த மண்ணில் நமக்கு ஓர் அடிகூட இல்லை என்பதை நான் வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தேன். அன்றுதான் அது ஒரு வாளியாகக் கண்ணில் பட்டது.

இது யாரோ ஒருவருடைய துரதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 130 கோடி பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கிறார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே சொல்லலாம். கால் போவது, கண் மங்குவது, சிறுநீரகம் ஓய்வது எல்லாம் அந்த வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வருகின்றன. உங்கள் வீட்டில் யாருக்கு என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவமனைப் பாரத்தில் பெரியப்பா 'ஓகேயு'. தமிழ்ச் செய்தியில் உடற்பேறு குறைந்தவர் அல்லது மாற்றுத்திறனாளி. பக்கத்து வீட்டுப் பாட்டி வாயில் இன்னும் 'நொண்டி'. எந்தச் சொல் சரி என்று வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். பெரியப்பாவிடம் கேட்டேன். "பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லும்மா" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், எண் 685, நம்மிடம் இருக்கிறது. அதன் 26ஆம் பிரிவு பொது இடங்களையும் பொதுக் கட்டடங்களையும் பயன்படுத்தும் உரிமையைப் பேசுகிறது. போக்குவரத்து, கல்வி, வேலை, சுகாதாரம் ஆகியவற்றுக்கும் பிரிவுகள் உள்ளன. வீட்டுவசதிக்கென்று தனிப் பிரிவு இல்லை. சட்டத்தை மீறினால் தண்டனையும் இல்லை. 1984ஆம் ஆண்டு கட்டட உபவிதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 34ஏ என்ற விதி சாய்தளம், கழிப்பறை எல்லாம் கட்டாயம் என்கிறது. ஆனால் ஒரு குடும்பம் வசிக்கும் தனி வீடுகள் அதற்குள் வராது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. ஒப்பந்தமோ 28ஆம் பிரிவில் அரசு வீடமைப்புத் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாம் பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறை அந்தப் பட்டியலில் இல்லை. பாலினம்கூட 2001இல்தான் சேர்ந்தது என்பதால் பட்டியல் இனி நீளாது என்று சொல்ல முடியாது.

சரி, வாடகைக்குத் தரைவீடு பார்க்கலாம் என்று நானே கைத்தொலைபேசியை எடுத்தேன். புந்தோங்கிலிருந்து குனோங் ராப்பாட் வரை ஒன்பது இடங்களுக்கு அழைத்தேன். மூன்று பேர் முதல் கேள்வியாக இனத்தைக் கேட்டுவிட்டு, வீடு போய்விட்டது என்றார்கள். ஒருவர் சக்கர நாற்காலி தரைக்கல்லைக் கீறிவிடும் என்றார். இன்னொருவர், "வயசானவங்க, ஏதாவது ஆயிட்டா?" என்று இழுத்தார். ஆயிட்டா என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஒரு வீடு பொருத்தமாக இருந்தது. வாசல் மேடை 30 சென்டிமீட்டர், 3.6 மீட்டரில் சாய்தளம் போட்டுவிடலாம், கார் நிறுத்தும் இடமே போதும். உரிமையாளர் சிமெண்டு போட அனுமதிக்கவில்லை. வாடகை வேறு 700 வெள்ளி. வேலை செய்ய இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 2021இல் மாதம் 300 வெள்ளியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

ஈப்போவின் இன்னொரு பக்கத்தில், மேரு ராயாவில், பெர்கேசோ ஒரு பெரிய மறுவாழ்வு மையத்தைக் கட்டியிருக்கிறது. ரோபோ கருவிகளின் துணையோடு நோயாளிகளை நடக்கப் பழக்கும் இடம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அங்கே நடக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் மாலையில் திரும்பும் வீட்டில் 64 படி இருந்தால்?

படிகள் இல்லாமலும் வீடு மறுக்கப்படுவது உண்டு. நம் ஊரில் சண்டை வந்தால், "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று சொல்வோம். நானும் பள்ளியில் சொல்லியிருக்கிறேன். 1911இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனைதான் இன்றைய உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. மனநலக் குறைபாடும் சமூக நல இலாகா பதிவு செய்யும் ஏழு வகைகளில் ஒன்று. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சிகிச்சை முடிந்தவர்கள் சமூகத்தோடு வாழ வழி செய்கிறது. ஆனால் வாடகைக்குக் கேட்கும்போது அங்கே இருந்தவர் என்று தெரிந்தால், அந்த ஒன்பது பேரில் யார் சாவியைத் தருவார்கள்? இதை எழுதும் நான், அந்தக் கேலியைச் சொன்ன வாய்க்காக வெட்கப்படுகிறேன்.

வெளியே வழி இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 2001இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், எல்லாத் தளத்திலும் நிற்காத பழைய அடுக்குமாடிகளுக்கு மின்தூக்கி வசதியை விரிவாக்கினார்கள். 2012இலிருந்து முதியோர் வீடுகளில் கைப்பிடி, வழுக்காத தரை, சிறு சாய்தளம் அமைக்கப் பெரும் பகுதிச் செலவை அரசே ஏற்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வீட்டு ஒதுக்கீட்டில் ஐந்து விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதியே வைத்திருக்கிறது. எழுதியதெல்லாம் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. எழுதியிருந்தால் கேட்கவாவது முடியும்.

எங்கள் பிரச்சினைக்கு வழி ஓர் அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. தரைத்தளத்தில் ஒரு சீன மூதாட்டி தனியாக இருந்தார். மகன் அவரைப் பினாங்குக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. நாற்காலி ஊர்வலம் வாரம் ஆறு முறை அவர் வாசலைத்தான் கடந்து போகும். ஒருநாள் அவரே எதிர்வீட்டு அண்ணனை நிறுத்தி, "அந்தத் தவுக்கேயிடம் சொல், என் வீட்டுக்கு வரட்டும்" என்றாராம். மாதம் 350 வெள்ளி வாடகை. பெரியப்பாவின் மேல்வீட்டை ஒரு தொழிற்சாலை ஊழியர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். ஏறக்குறைய சரிக்குச் சரி.

வீடு கிடைத்ததே தவிர, குளியலறைக் கதவு இங்கேயும் அதே 61 சென்டிமீட்டர்தான். ஒரே வரைபடத்தில் கட்டியவை ஆயிற்றே. மூதாட்டியின் அனுமதியோடு கதவையும் சட்டத்தையும் கழற்றினோம். வழி 69 சென்டிமீட்டர் ஆனது. தரநிலை கேட்பதைவிடக் குறைவு, நாற்காலிக்குப் போதும். கதவுக்குப் பதில் ஒரு திரை. பெரியம்மாவுக்கு அதில் வருத்தம், விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்று. தடுப்புப் படியை அப்பாவும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைத்தார்கள். சுவரில் இரண்டு கைப்பிடி. எல்லாம் சேர்த்து ஆன செலவு 480 வெள்ளி. எவ்வளவு சிறிய தொகை என்று நினைக்கும்போதுதான் மறுபடி அந்தக் கோபம் வருகிறது.

கட்டடத்தின் நுழைவாயிலில் இரண்டு படி மிச்சம் இருக்கின்றன. அது பொது இடம், கூட்டு நிர்வாகக் குழு அனுமதிக்க வேண்டும். நான் வரைந்து கொடுத்த சாய்தளப் படம் மூன்று மாதமாக அவர்கள் கையில் இருக்கிறது. அதுவரை ஒரு மரப்பலகை.

போன வாரம் போயிருந்தேன். பெரியப்பா வாசலில் உட்கார்ந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் நேரமாகிவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், இரண்டாம் மாடியில் ஒரு மலாய் அம்மாவுக்கும் கால் எடுத்துவிட்டார்களாம், அளவு நாடா கொண்டு வந்தாயா என்று கேட்டார். பையில்தான் இருந்தது. 32 படி ஏறினேன்.